கரிசல் தடத்தில் சைக்கிள் வரட்டும்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வண்டிப்பாதைகள் முள்ளுக்குள் மறைந்துகொண்டிருக்கின்றன. அவற்றை மீட்கும் வேலையில் சைக்கிளுக்கும் ஒரு பங்கு உண்டு.

மாசி மாதத்துக் காலை. பந்தல்குடி டீக்கடைகளில் இரண்டாவது பால் காய்ந்துகொண்டிருக்கிறது. மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சல். சாலையை விட்டிறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அந்த இரைச்சல் தேய்ந்து மயில் அகவுவது கேட்கிறது. செம்மண்ணுக்குள்ளிருந்து வெள்ளைக் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு வண்டிப்பாதை. இருபக்கமும் சீமைக்கருவேலம், அதன் சிற்றிலைகள் மேல் மாவு தெளித்ததுபோல் சுண்ணாம்புத் தூசி.

தடத்தில் முதலில் வருகிறது ஓர் ஆட்டு மந்தை. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் கொண்ட வேம்பூர் ஆடுகள், பொட்டாடு என்பார்கள். பின்னால் துறட்டியும் தூக்குவாளியுமாக ஒரு பெரியவர். எதிர்த் திசையில், அரசு கொடுத்த சைக்கிளில் புத்தகப் பையோடு ஒரு மாணவி. ஆடுகள் கடக்கட்டும் என்று ஒரு காலை ஊன்றி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று சைக்கிள்கள் வந்து நிற்கின்றன. தடித்த டயர், தலைக்கவசம், முதுகில் தண்ணீர்ப் பை. மதுரையிலிருந்து வந்த இளைஞர்கள்.

“எங்கிட்டுப் போறீக?” என்கிறார் பெரியவர்.

“திருச்சுழிக்குங்கய்யா.”

“தார் ரோடு இருக்கே தம்பி?”

இருக்கிறதுதான். ஆனால் தார் ரோட்டில் கிடைக்காத ஒன்றைத் தேடித்தான் அவர்கள் இந்தப் பாதைக்கு வந்திருக்கிறார்கள். ஆடு, மாணவி, வெளியூர்க்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் காலையில் வழிவிட்ட பாதை எட்டடி அகலம்கூட இல்லை. இரண்டு பக்க முள்ளும் இன்னும் ஓர் அடி வளர்ந்தால் மூவருக்குமே அது இருக்காது.

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு கியர் சைக்கிள் சிறு நகரங்கள் வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மதுரை, விருதுநகர், சிவகாசி சாலைகளில் கூட்டமாக ஓட்டிப்போகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது நான்குவழிச் சாலையின் வெள்ளைக்கோட்டு ஓரத்தில், மணிக்கு நூறு கிலோமீட்டரில் பறக்கும் வண்டிகளுக்குப் பக்கத்தில். இது உயிரோடு விளையாடும் காரியம். வேறு எங்கே ஓட்டுவது என்று கேட்கிறவர்களுக்கான பதில் அந்தச் சாலையின் இருபுறமும், கிராம வரைபடங்களில் வண்டிப்பாதை என்ற பெயரோடு கிடக்கிறது.

மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிளா?

நியாயமான கேள்வி. அருப்புக்கோட்டை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. இங்கே இருப்பவை மேடும் பள்ளமும், ஓடையும் கண்மாய்க் கரையும், பொட்டலும் பாறைத் திட்டும். செங்குத்தாக இறங்கும் சாகசத்துக்கு இது இடமில்லை. அதற்கு நீலகிரி, கொடைக்கானல் என்று போகலாம். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் நடந்த கேரளத்தின் பொன்முடியும் தூரமில்லை.

ஆனால் மலைச் சைக்கிள் என்பது ஏற்ற இறக்கம் மட்டுமல்ல, தார் போடாத தரையில் ஓட்டுவது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் பகுதி இளைஞர்கள் முப்பது நாற்பது ஆண்டு பழைய தடித்த டயர் சைக்கிள்களைக் காட்டுப் பாதையில் இறக்கி ஓட்டியதில் தொடங்கியது இந்த விளையாட்டு. 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கிலும் நுழைந்துவிட்டது. நம் ஊரில் அதற்கும் முன்பே சைக்கிள்கள் தார் இல்லாத தரையில் ஓடிக்கொண்டிருந்தன. நூல் பொதியும் பால் கேனும் உப்பு மூட்டையும் கட்டிய கறுப்பு சைக்கிளை ஓடை மணலில் மிதித்தும் தள்ளியும் போனவர்களுக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. இந்தத் தடங்களின் முதல் ஓட்டுநர்கள் அவர்கள்தான்.

மலையில்லாத ஊரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. எம்போரியா என்ற, சுமார் 25 ஆயிரம் பேர் வாழும் ஊர். சுற்றிலும் ஃபிளின்ட் ஹில்ஸ் என்னும் சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலம். கல் மிகுதியால் ஏர் இறங்காது. மாடு மேய்க்கத்தான் ஆகும். அங்கே 2006-ல் கற்சாலையில் 200 மைல் சைக்கிள் பந்தயம் ஒன்று நடந்தது; ஓட்டியவர்கள் 34 பேர். இன்று அன்பவுண்ட் கிராவல் என்ற பெயரில் ஆண்டுதோறும் சில ஆயிரம் பேர் அந்த ஊருக்கு வந்து இறங்குகிறார்கள். விடுதி, உணவகம், சைக்கிள் கடை எல்லாவற்றுக்கும் அந்த வாரம் திருவிழா. பயிருக்கு உதவாத கல், அந்த ஊருக்கு வருமானம் ஆனது.

வெள்ளைக் கல் வந்த வழி

பந்தல்குடி வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் கடற்சிப்பிகளின் எச்சம் தெரியும் வகை அல்ல. பூமிக்குள் ஆழத்தில் வெந்து, அழுந்தி, மீண்டும் படிகமான கல். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. உடைத்தால் கற்கண்டின் பளபளப்பு. தொடர்ந்த மலையாக இல்லாமல், மற்றப் பாறைகளுக்கு நடுவே பட்டை பட்டையாக ஓடுகிறது. இந்தக் கல்லை நம்பித்தான் 1960-களின் தொடக்கத்தில் விருதுநகர் அருகே ராமசாமி ராஜா நகரில் இன்றைய ராம்கோ நிறுவனத்தின் சிமென்ட் ஆலை எழுந்தது. 1970-ல் ஆலங்குளத்தில் அரசு சிமென்ட் ஆலை வந்தது. தென் மாவட்டங்களின் எத்தனையோ வீடுகளும் பாலங்களும் இந்தப் புஞ்சைக்கு அடியிலிருந்து எழுந்தவை.

இன்னொரு சுண்ணாம்பும் இங்கே உண்டு. சுக்கான் கல். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். அந்த நீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து உள்ளே இறக்குகிறது. அடுத்து வரும் மாதங்களில் வெயில் ஈரத்தை உறிஞ்ச, கரைந்த சுண்ணாம்பு மண்ணுக்குள்ளேயே உருண்டை உருண்டையாகப் படிந்து இறுகுகிறது. கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் தெரியும்: கரிசல் முடிந்து சுக்கான் தட்டினால் கடப்பாரை முனை மழுங்கிவிடும்.

விவசாயியின் கடப்பாரைக்குக் கெடுதலான அந்தச் சுக்கான்தான் சைக்கிள்காரரின் நண்பன். வெறும் கரிசலில் மழை பெய்த மறுநாள் பத்தடி ஓட்ட முடியாது. களி சக்கரத்தில் சுற்றிக்கொண்டு பிரேக்கில் அடைத்து, வண்டியைத் தோளில் தூக்க வைக்கும். சுக்கான் கலந்த தடமோ சீக்கிரம் வடிந்து, இறுகி நிற்கும். பழைய வண்டிப்பாதைகள் கூடுமானவரை மேட்டு ஓரமாகவும் சரளைப் பட்டையிலும் ஓடுவது தற்செயல் அல்ல. பாரம் ஏற்றிய மாட்டுவண்டி எங்கே புதையும், எங்கே புதையாது என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் போட்ட தடம் அது. ஒரு தடத்தை வடிவமைக்க இன்று பொறியாளரைக் கூப்பிட்டாலும் அவர் இதைவிட நன்றாகச் செய்துவிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெட்டிச் செய்தி: எப்போது, எந்தத் தரை?

தை, மாசி மாதங்கள் தோது. அறுவடை முடிந்திருக்கும், கண்மாயில் நீர் இருக்கும், மண் இறுகியிருக்கும்.

கரிசல்: காய்ந்த பிறகு ஓடும். பங்குனிக்கு மேல் பாளம் பாளமாக வெடிக்கும். முன்சக்கரம் வெடிப்பில் இறங்கினால் ஆள் விழுவது நிச்சயம்.

செவல், சரளை: ஆண்டின் பெரும்பகுதி நல்ல தரை.

ஓடை மணல்: இறங்கித் தள்ளுவதே மரியாதை.

கண்மாய்க் கரை: ஈரமாக இருக்கும்போது ஏறக்கூடாது. சக்கரத் தடத்தில் நீர் ஓடி அரிப்பு உண்டாகும்.

சித்திரை, வைகாசி: காலை எட்டரைக்கு மேல் வெயிலில் இருக்க வேண்டாம்.

திருச்சுழி வரை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். பேருந்தில் அரைமணி நேரம். வண்டிப்பாதையில் சுற்றிப் போனால் அரை நாள். அந்த அரை நாளில் இந்த நிலம் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ரயிலில் வருகிறவர்களுக்கும் வசதி உண்டு. விருதுநகர் – மானாமதுரை ரயில்பாதை 1960-களில் மீட்டர்கேஜாகப் போடப்பட்டு, 2013-ல் அகலப்பாதையானது. சென்னையிலிருந்து வரும் சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டையில் நிற்கும். தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டி ஊரைவிட்டு வெளியே வந்ததும் மானாவாரிக் காடு விரிகிறது. மக்காச்சோளம், உளுந்து, பருத்தி, மல்லி. இடையிடையே பனை வரிசை. புஞ்சையின் எல்லையில் பொறுக்கிக் குவித்த சுக்கான் கற்கள். ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் நடுவே மண் நிறம் மாறுவது சைக்கிளின் வேகத்தில்தான் கண்ணில் படும். கறுப்பு முடியும் இடத்தில் சிவப்பு, சிவப்புக்குள் வெள்ளைப் பட்டை, மறுபடி கறுப்பு. காரில் போகிறவருக்கு இது முழுவதும் ஒரே பொட்டல்.

பிறகு கண்மாய்கள். இந்த வட்டாரத்தில் ஒரு கண்மாயின் கரை முடியும் இடத்திலிருந்து அடுத்த கண்மாயின் கரை கண்ணுக்குத் தெரியும்; ஒன்றின் கலுங்கு வழிந்து அடுத்ததை நிரப்பும் சங்கிலி அது. கரை மேலே ஓட்டிப்போனால் ஒரு பக்கம் நீர்ப்பரப்பு, மறுபக்கம் ஆயக்கட்டு வயல். குளிர்கால மாதங்களில் கொக்கும் நாரையும் முக்குளிப்பானும் இருக்கும். சமவெளியில் இதைவிட நல்ல சைக்கிள் தடம் எங்கே கிடைக்கும்? ஆனால் எல்லாக் கரையும் இப்படி இல்லை. பல கரைகளின் இரு சரிவிலும் கருவேலம் கவிந்து, நடுவே ஆள் குனிந்துபோகும் குகையாகிவிட்டது.

திருச்சுழியை அடையும்போது குண்டாறு வருகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலும் முள்ளும்தான். மேற்கே மலையடிவாரத்தில் புறப்பட்டு, திருமங்கலம், காரியாபட்டிப் பக்கம் வந்து, திருச்சுழி, கமுதி வழியே மன்னார் வளைகுடா நோக்கிப் போகும் ஆறு இது. காவிரியை வைகைக்கும் குண்டாற்றுக்கும் இணைக்க 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய திட்டத்தை இந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு கோடையிலும் நினைத்துக்கொள்கிறார்கள்.

சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோவில் ஊர் நடுவே இருக்கிறது. அதன் பக்கத்தில், 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்ற குழந்தை பிறந்த வீடு. 1892-ல் தந்தை இறந்த பிறகு மதுரைக்குப் போய், 1896-ல் அங்கிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டு ரமண மகரிஷி ஆனவர். சுந்தர மந்திரம் என்ற அந்த வீட்டைப் பார்க்க வெளிநாட்டவரும் வருகிறார்கள். காரில் வந்து, வணங்கிவிட்டு, காரிலேயே மதுரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு அவர்களால் ஒரு டீக்காசுகூட மிச்சமாவதில்லை. அருகிலிருக்கும் பள்ளிமடத்தில் பாண்டியர் காலக் கல்வெட்டுகளோடு ஒரு சிவன் கோவில் இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கோவிலாங்குளத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் வெட்டவெளியில் அமர்ந்திருப்பதையும் சொல்வதில்லை. கோவில் விளக்கெரிக்க ஆடுகளை நிவந்தமாக விட்ட செய்தி பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் பரவலாக உண்டு. அந்தக் கோவில்களுக்குப் போகும் தடங்களில் இன்றும் மந்தை போகிறது. ஒருவர் திருச்சுழி, பள்ளிமடம், கோவிலாங்குளம் மூன்றையும் ஒரே நாளில், மண் பாதையிலேயே இணைத்துப் பார்க்கும்படி ஒரு தடம் அமைந்தால், பிறகு இந்த வட்டாரத்தை வறட்சி என்ற ஒரே சொல்லில் யாரும் கடந்துபோக மாட்டார்கள்.

பாதை யாருடையது?

சைக்கிள்காரர்களைவிட உள்ளூர்க்காரர்களுக்குத்தான் இந்தக் கேள்வி முக்கியம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பட்டா, உதவித்தொகை, குடிநீர் மனுக்களோடு பாதை மனுக்களும் வந்துகொண்டே இருக்கும். ‘என் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையை மறித்துவிட்டார்கள்.’ ‘கண்மாய்க்குப் போகும் வழியில் வேலி போட்டுவிட்டார்கள்.’ எல்லாவற்றிலும் கொடுமையானது சுடுகாட்டுப் பாதை. பட்டியல் சமூகத்தார் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்பிலும் ஓடைத் தண்ணீரிலும் நடக்கும் காட்சி தமிழ்நாட்டில் இன்னும் முடிந்தபாடில்லை. ஒரு பாதை காணாமல் போகும்போது முதலில் அடிபடுகிறவர் சொந்தமாக மாற்று வழி இல்லாதவர்.

மாட்டுவண்டி போனதால் வண்டிப்பாதை போயிற்று என்பது பாதி உண்மை. டிராக்டரும் பைக்கும் வந்த பிறகு, தார் போட்ட ஒரு பாதை மட்டும் பயன்பாட்டில் நின்றது. மற்றவை ஆளரவம் குறைந்து, ஒரு பக்கம் முள்ளும் மறுபக்கம் உழவுச்சாலும் நெருக்க, ஆண்டுக்கு அரையடி அரையடியாகச் சுருங்கின. நடமாட்டமில்லாத பாதைக்கு வாதாட ஆள் கிடைப்பதில்லை. வாரம் ஒருமுறை இருபது பேர் சைக்கிளில் போகும் பாதையை யாரும் ஓசையில்லாமல் உழுதுவிட முடியாது. சைக்கிளை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

பெட்டிச் செய்தி: சட்டமும் பதிவேடும்

1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து.

பாதைப் புறம்போக்கு எது என்பதை வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேடு, கிராம வரைபடம், புலப்படம் ஆகியவற்றில் பார்க்கலாம். ‘அ’ பதிவேட்டு விவரம் அரசின் இணையச் சேவையிலும் கிடைக்கும்.

இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம், குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. ஒரு நிபந்தனை: நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும்.

அந்த நாட்டின் பீக் மாவட்டச் சுண்ணாம்பு மேட்டில், கல்லும் கனிமமும் ஏற்றிச் சென்ற பழைய ரயில்பாதை 1967-ல் மூடப்பட்டது. ஹை பீக் டிரெயில் என்ற பெயரில் இன்று அது சுமார் 27 கிலோமீட்டர் நடை, சைக்கிள், குதிரைத் தடம்.

குழியும் முள்ளும்

மண் பாதைக்கு இங்கே இரண்டு எதிரிகள். ஒன்று மேலே, ஒன்று கீழே.

மேலே சீமைக்கருவேலம். அதன் முள் சாதாரண டியூபை ஒரே குத்தில் முடித்துவிடும். கூடவே தரையில் நெருஞ்சி. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்த அதே நெருஞ்சி, அங்கேயும் சைக்கிள்காரர்களுக்குப் பரம வைரி. டயருக்குள் ரப்பர் பால் கலந்த திரவத்தை ஊற்றி, டியூப் இல்லாமலே ஓட்டும் முறை பரவியதில் இந்த முட்களுக்கும் பங்கு உண்டு. குத்திய இடத்தில் திரவம் கசிந்து, இறுகி, ஓட்டையை அடைத்துவிடும். பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் அந்த டயர் இல்லை. பஞ்சரான சைக்கிளை அவள் நாலு கிலோமீட்டர் தள்ள வேண்டும். முதல் பாடம் போய்விடும். 2001-ல் பட்டியல், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் தமிழ்நாட்டின் பெருமை. சைக்கிளைக் கொடுத்த அரசு, அது போகும் பாதையையும் பார்க்க வேண்டாமா?

சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவுகள் போட்டிருக்கிறது. 2022-ல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று மாநிலக் கொள்கையே வந்தது. ஆனால் ஒட்டுமொத்தமாக வேரறுப்பது என்று பேசும்போது கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களை மறந்துவிடக் கூடாது. பாதையின் இருபுறமும் பத்தடி என்று கணக்கு வைத்து, ஆண்டுதோறும் வெட்டி, அந்த விறகைக் கரி போடுகிறவர்களுக்கே கொடுக்கலாம். பாதையும் திறக்கும், பிழைப்பும் நிற்கும்.

கீழே குழி. சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களோடு ஜல்லிக்கும் கிராவலுக்கும் வெட்டிய பள்ளங்களும் சேர்ந்துகொண்டன. மழைக்காலத்தில் நீர் நிரம்பி, பச்சையும் நீலமுமாகப் பார்க்க அழகாக இருக்கும். கரை செங்குத்து, இறங்கினால் ஏற முடியாது. கைவிட்ட குவாரிக் குட்டைகளில் குளிக்கப் போன பிள்ளைகள் இறந்த செய்தி வராத கோடை விடுமுறை உண்டா? கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கமலைக் கிணறுகளும் இதே ஆபத்துதான். 2017-ஆம் ஆண்டுக் கனிம விதிகள், சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமச் சுரங்கங்கள் ஒவ்வொன்றும் மூடல் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. குழியை நிரப்புவதோ, மரம் வைப்பதோ, நீர்த்தேக்கமாக்குவதோ அந்தத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். அதில் இன்னொரு வரி சேரட்டும்: சுரங்கத்தால் அறுந்த ஊர்ப்பாதையைச் சுற்றிவளைத்தேனும் மீண்டும் இணைத்துக் கொடுக்க வேண்டும்.

பணம் எங்கே என்பார்கள். இருக்கிறது. 2015-ல் திருத்திய கனிமச் சட்டப்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை உண்டு. அந்த ஆண்டுக்கு முன் குத்தகை பெற்ற சுரங்கங்கள் ராயல்டியில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையும், பிறகு ஏலத்தில் எடுத்தவை 10 விழுக்காடும் அதற்குச் செலுத்த வேண்டும். சிமென்ட் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014-ல் நிர்ணயித்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். பழைய குத்தகை என்றால் டன்னுக்கு 24 ரூபாய் அறக்கட்டளைக்கு வரும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கே செலவிட வேண்டிய பணம் அது. குடிநீர், சுகாதாரம், கல்வி முதலில்; சாலை, நீர்ப்பாசனம் போன்ற வேலைகளுக்கும் அதில் இடமுண்டு. வண்டிப்பாதையில் முள் வெட்டி, ஓடைக்குக் குறுக்கே நாலு குழாய் பதித்து, பள்ளத்துக்கு வேலி போட அதிலிருந்து பணம் கேட்பது சலுகை அல்ல. அது அந்த ஊர்களின் உரிமை.

வந்தால் என்ன ஆகும்?

நல்லது மட்டும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். வெளியூர்க் கூட்டம் வந்தால் பிளாஸ்டிக் பாட்டில் வரும். விதைத்த காட்டில் சக்கரம் ஏறும். கிடை போட்டிருக்கும் இடத்தில் சத்தம் போட்டால் ஆடு மிரளும், காவல் நாய் பாயும். தடம் பேர் வாங்கினால் நிலத் தரகர் பின்னாலேயே வருவார். வண்டிப்பாதை ஓரத்துப் புஞ்சையில் வண்ணக்கல் நட்டுவிடுவார்கள். சைக்கிள் போகிறது என்று சொல்லிப் பாதையைத் தாராகவோ சிமென்ட்டாகவோ மாற்றினால், லாரியும் கிராவல் டிப்பரும் அதில் நுழைந்துவிடும். ஆகவே மண் மண்ணாகவே இருக்க வேண்டும். மேய்ச்சலுக்கும் உழவுக்கும் முதலிடம், சைக்கிளுக்கு இரண்டாமிடம். இங்கிலாந்துச் சட்டம் சொன்ன அதே முறை.

அந்த ஒழுங்கோடு வந்தால் பலன் பெரிது. விருதுநகர், 2018-ல் ஒன்றிய அரசு பட்டியலிட்ட முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்று. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் படித்த பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஐம்பது பேர் வந்தால் கம்பங்கூழுக்கும் பதநீருக்கும் நுங்குக்கும் விற்பனை உண்டு. தடம் தெரிந்த உள்ளூர் இளைஞருக்கு வழிகாட்டும் வேலை உண்டு. பஞ்சர் கடைக்காரருக்குப் புதுத் தொழில் உண்டு. சிறிய வருமானம்தான், ஆனால் புஞ்சைக் காட்டில் சிறிய வருமானத்துக்கு இருக்கும் மதிப்பு தனி.

பெண்களுக்குக் கிடைப்பதை எண்ணிச் சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில், இதே மாதிரி வறண்ட புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சொல்லிக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறி ஓட்டினார்கள். குவாரியில் கல் உடைத்தவர்களும் அதில் இருந்தார்கள். சைக்கிள் கைக்கு வந்ததும் சந்தை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அவர்களுக்குப் பக்கத்தில் வந்தன. பாதை திறந்திருந்து, அதில் ஆள் நடமாட்டமும் இருந்தால்தான் ஒரு பெண் தனியாகச் சைக்கிளில் போவாள். முள் மூடிய தடத்தில் அவளைப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

பெட்டிச் செய்தி: போகிறவர்களுக்கு

உள்ளூர் ஒருவர் துணையில்லாமல் புதுத் தடத்தில் இறங்க வேண்டாம். கைபேசி வரைபடத்துக்குக் கமலைக் கிணறு தெரியாது.

இருட்டில் ஓட்டவே கூடாது. காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டவிரோதமாக மின்வேலி வைக்கிறார்கள், ஆளும் செத்திருக்கிறார்கள்.

மந்தை எதிரே வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். மணி அடிக்காதீர்கள்.

அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் சரளையில் பிடிப்பு கிடைக்கும். மாற்று டியூபும் சிறு பம்பும் கட்டாயம்.

ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். காலிப் பாட்டில் உங்களோடே திரும்பட்டும்.

குவாரிக் குட்டையில் குளிக்காதீர்கள்.

வேலை எங்கே தொடங்க வேண்டும்?

புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகம் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அருப்புக்கோட்டை முதல் பள்ளிமடம் வரையிலான வண்டிப்பாதைகளை ‘அ’ பதிவேட்டோடு ஒப்பிட்டு அளந்து, எல்லைக்கல் நட்டால் போதும். சுண்ணாம்புக் கல்லிலேயே வழிகாட்டிக் கல் வைக்கலாம். கண்மாய்க் கரைகளுக்கு நீர்வளத் துறையின் ஒப்புதல் வேண்டும். 2017-ல் மீண்டும் எடுத்த குடிமராமத்தின்போது பலப்படுத்திய கரைகளிலிருந்தே தொடங்கலாம். நூறு நாள் வேலை செய்து பழகிய கைகள் ஊர்தோறும் இருக்கின்றன. முள் வெட்டும் வேலை அவர்களுக்குப் புதிதல்ல.

ஆனால் முதல் காகிதம் ஊரிலிருந்து போக வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. திருச்சுழி, அருப்புக்கோட்டை, காரியாபட்டி, நரிக்குடி ஒன்றியங்களில் இதை வாசிக்கிறவர்கள் அடுத்த கூட்டத்துக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், உங்கள் ஊரில் எத்தனை வண்டிப்பாதை பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். அதில் எத்தனையில் இன்று நடக்க முடிகிறது என்று ஒரு காலை நேரம் செலவிட்டுப் பாருங்கள். மறைந்தவற்றின் சர்வே எண்ணைக் குறித்து, அளந்து மீட்டுத் தர வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். மதுரையிலும் விருதுநகரிலும் இருக்கும் சைக்கிள் நண்பர்களே, தீர்மானம் வரும் நாளில் நீங்களும் அந்த ஊருக்கு வந்து, முள் வெட்ட ஒரு கை கொடுங்கள்.